வெர்னியர்: இரண்டு கோடுகளுக்கு நடுவே

முதல் வருட ஃபிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒன்றி நிற்கிறது என்று வெர்னியர் காலிப்பரில் தேடியிருப்பீர்கள். அந்த வெர்னியர் யாருன்னு யோசிச்சிருக்கீங்களா?

பியர் வெர்னியர் 1580-இல் ஒர்னான் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது பிரான்ஸ். அன்று ஸ்பெயின் மன்னரின் ஆட்சிப் பகுதி. வழக்கறிஞரான அப்பாதான் அவருக்கு அறிவியலும் கற்றுக்கொடுத்தார். வளர்ந்து ராணுவப் பொறியாளரானார்.

அக்காலத்தில் கோணத்தை அளக்கக் கால்வட்டம் என்ற கருவி இருந்தது. நுணுக்கமாக அளக்க வேண்டுமென்றால் நெருக்கமாகக் கோடு போடணும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் உளி ஒத்துழைக்காது. போர்ச்சுகலின் பெத்ரோ நுனெஸ் 1542-இல் 44 கூடுதல் வளைவுகள் போட்டு ஒரு வழி சொன்னார். செய்து முடிக்கப் பெரும்பாடு!

வெர்னியர் வேறு மாதிரி யோசித்தார். கோட்டை நெருக்கவே இல்லை. 31 அரை டிகிரி நீளத்தை 30 பாகமாகப் பிரித்து, நகரும் துண்டில் பொறித்தார். இரண்டு அளவுகோலும் முரடுதான். ஆனால் அவற்றின் பாகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு நிமிடம், அதாவது டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. எங்கே கோடுகள் ஒன்றுகின்றன என்று பார்த்தால் போதும். 1631-இல் பிரஸ்ஸல்ஸில் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

இப்போ எலெக்ட்ரானிக்ஸுக்கு வாங்க. 200 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் ஒரு துடிப்பு 5 நானோசெகண்ட். உங்கள் சிக்னல் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் வந்தால்? 1970-களின் இறுதியில் வந்த எச்பி 5370ஏ கருவி, சிக்னல் வந்த நொடியே இன்னொரு ஆசிலேட்டரை ஓடவிட்டது. அதன் துடிப்பு 256-இல் ஒரு பங்கு மட்டும் நீளம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுக்கும் இடையிலான நிலை சுமார் 20 பிகோசெகண்ட் நகரும். இரண்டும் ஒன்றும் வரை எத்தனை சுற்று என்று எண்ணினால், விடுபட்ட துண்டு நேரம் கையில்! 20 பிகோசெகண்டில் ஒளியே 6 மில்லிமீட்டர்தான் போகும். இந்த முறைக்கும் பெயர் வெர்னியர் இன்டர்போலேஷன்தான்.

அந்தப் பெயரும் நழுவியிருக்கும். ஜெர்மனி போன்ற நாடுகளில் அந்த அளவுகோலுக்கு இன்றும் நுனெஸ் பெயரால் ‘நோனியஸ்’ என்றே பெயர். தன் ஊரிலேயே காலமான வெர்னியர், ஆசிலேட்டரைப் பார்த்ததில்லை. ஆனால் வேகமான கிளாக் கிடைக்காமல் உங்கள் ப்ராஜெக்ட் நிற்கும்போது அவரை நினைச்சுக்கோங்க: இருக்கிற கிளாக்கோடு, கொஞ்சமே வேறுபட்ட இன்னொன்று போதுமா என்று முதலில் பாருங்கள்.