பிழை களைந்த பெருந்தகை
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

என் தந்தையார் பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓர் இரவு, எந்திரத்திலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போன உற்பத்திக் கணக்கில் ஒரு பகுதி கம்பி வழியிலேயே தொலைந்தது. நூல் ஏன் குறைந்தது என்று அப்பாவிடம் விளக்கம் கேட்டார்கள். கம்பி செய்த பிழைக்கு மனிதர் தலைகுனிந்து நின்றார். இதற்கு வழியே இல்லையா என்று தேடியபோதுதான் ராஜ் சந்திர போஸ் என்னும் கணித மேதையை அறிந்தேன்.

போஸ் 1901 ஜூன் 19 அன்று ஹோஷங்காபாத்தில் பிறந்தார்; ரோத்தக்கில் வளர்ந்தார். 1918-ல் பரவிய விஷக்காய்ச்சல் தாயைக் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். உதவித்தொகை பெற்றும், டியூஷன் சொல்லிக் கொடுத்தும் படிப்பைத் தொடர்ந்தார் அந்த இளைஞர்.

1932-ல் பேராசிரியர் மகலனோபிஸ் அவரைக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு அழைத்தார். வயல் சோதனையில் எந்த ரகத்தை எந்தப் பாத்தியில் விதைத்தால் மண்ணின் ஏற்றத்தாழ்வு முடிவைக் கெடுக்காது என்பதற்கு அங்கே கணிதம் வகுத்தார். அவர் பிறந்த அதே 1901-ல்தான் நம் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது என்பது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

1949-ல் அமெரிக்கா சென்றார். 1782-ல் ஆய்லர் கூறிய ஊகம் ஒன்றை, ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து 1959-ல் தவறென்று நிறுவினார். 1960-ல் தம் மாணவர் ராய் சௌத்ரியுடன் பிழை திருத்தும் குறியீட்டை வெளியிட்டார். பிரான்சின் ஹொக்கெங்கெமும் இதைத் தனியே கண்டிருந்ததால் மூவர் பெயராலும் அது 'பி.சி.எச். குறியீடு' எனப்படுகிறது. வயலுக்கு உதவிய கணிதமே கம்பிக்கும் உதவிற்று!

அதன் நுட்பம் எளிது. செய்தியிலிருந்தே கணக்கிட்ட சில சோதனை இலக்கங்களை அதன் வாலில் சேர்த்து அனுப்ப வேண்டும். பெறும் இடத்தில் மீண்டும் கணக்கிட்டால் பிழை வெளிப்படும். பிழை சிலவே எனில் திருத்தவும் முடியும். எந்திரங்களை இணைக்க 1986-ல் அறிமுகமான 'கேன்' முறையில் 15 சோதனை இலக்கங்கள் இவ்வகைக் குறியீட்டின்படியே அமைந்தன. அவை பொருந்தாவிடில் செய்தி மீண்டும் அனுப்பப்படும்.

போஸ் 1987 அக்டோபர் 31 அன்று காலமானார். கணிதம் படித்து என்ன பயன் என்று கேட்கும் நண்பர்களே! ஓர் உழைப்பாளியின் கணக்கு தொலையாமல் காக்கலாம். அதற்காகவே நான் படிக்கிறேன்.