பதக்கத்தால் ஆறாத காயம்: சுபேதார் மீர் தஸ்த்

போர்வீரர்களின் சரித்திரம் பெரும்பாலும் பதக்கம் சூட்டப்படுவதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னர் அவர்கள் வலியோடு வாழ்ந்த வருடங்களை நாம் அதிகம் வாசிப்பதில்லை. முதலாம் உலக மகா யுத்தத்தில் புகழ்பெற்ற முஸ்லிம் வீரர் மீர் தஸ்த் அவர்களின் வாழ்க்கை அந்த வருடங்களை நமக்கு நினைவூட்டுகிறது.

இவர் 1874ஆம் ஆண்டு, அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையிலுள்ள தீரா மலைப்பிரதேசத்தில் பட்டாணியர் குடும்பமொன்றில் பிறந்தார். பிரித்தானிய இந்திய இராணுவத்தில் சேர்ந்து, 1908இல் எல்லைப்புறப் போரொன்றில் காட்டிய துணிவுக்காக விருது பெற்றார். யுத்தம் மூண்டபோது ஜெமதார் பதவியில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார்.

1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகில் ஜெர்மானியப் படை குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிட்டது. நான்கு நாட்களின் பின் அதே களத்தில் இந்தியப் படையினர் முன்னேறியபோது அவர்களையும் அந்த வாயு சூழ்ந்தது. அக்காலத்தில் அவர்களிடம் முறையான முகமூடிகள் இருக்கவில்லை. நனைத்த துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆங்கில அதிகாரிகள் எவரும் எஞ்சாத நிலையில், சிதறிய வீரர்களை மீர் தஸ்த் ஒன்றுசேர்த்தார். பின்வாங்கும் கட்டளை வரும்வரை அவர்களைத் தலைமை தாங்கி நின்றார். பின்னர் கடும் துப்பாக்கிச் சூட்டின் நடுவே, காயமுற்ற எட்டு அதிகாரிகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசேர்க்க உதவினார். அப்போது அவருக்கு வயது 40.

இதற்காக அவருக்கு விக்டோரியா குரொஸ் கிடைத்தது. அது பிரித்தானியாவின் அதியுயர் வீர விருது. 1911இன் இறுதி வரை இந்திய வீரர்கள் அதைப் பெறத் தகுதியற்றவர்களாகவே வைக்கப்பட்டிருந்தனர்.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் றோயல் பெவிலியன் மாளிகை இந்திய வீரர்களுக்கான வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. அவரவர் மார்க்கத்துக்கேற்பச் சமைக்கத் தனித்தனிச் சமையலறைகள் இருந்தன. முஸ்லிம் வீரர்கள் புற்றரையில் கிப்லாவை நோக்கித் தொழுதனர். 1915 ஓகஸ்டில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அங்கே வந்து மீர் தஸ்த்துக்குத் தம் கையாலேயே விருதை அணிவித்தார்.

மன்னரிடம் அவர் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. ஒருமுறை காயப்பட்ட வீரனை மீண்டும் போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்றே கேட்டார். குணமான வீரர்களைத் திரும்பவும் பதுங்குகுழிகளுக்கே அனுப்பிய காலம் அது.

அவரது உடலோ தேறவில்லை. இடக்கையில் இரண்டு விரல்கள் செயலிழந்திருந்தன. நச்சுவாயு நுரையீரலைப் பாதித்திருந்தது. குளோரின் நுரையீரலின் ஈரத்தோடு கலந்து அமிலமாகி, உட்சுவர்களை அரித்துவிடும். வெளியே தழும்பு தெரியாது. ஆனால் மூச்சுத்திணறல் நீடிக்கும். விருது பெரிய விடயம்தான், ஆனால் அந்த வாயு தம்மை நிம்மதியாக இருக்க விடவில்லை, தம்மை அழித்தேவிட்டது என்று அவர் கடிதத்தில் எழுதினார். 1917இல் சேவையிலிருந்து ஓய்வுபெற்று, பெஷாவருக்கு அருகில் வாழ்ந்து 1945இல், 70ஆவது வயதில் காலமானார். பதக்கம் ஒரு நாளின் வீரத்துக்குக் கிடைத்தது. அந்த நாளுக்குப் பின் அவர் ஏறக்குறைய முப்பது வருடங்கள் வாழ வேண்டியிருந்தது.

எமது நாட்டிலும் யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனால் காலிழந்தோர், பார்வையிழந்தோர், உடலில் குண்டுச் சிதறல்களைச் சுமப்போர் என எல்லா இனத்தவர் வீடுகளிலும் அது இன்னும் முடியவில்லை. அவர்களுக்குச் சோறூட்டி, காயம் கழுவி, இரவில் விழித்திருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் மனைவியரும் மகள்மாருமே. அவர்களுக்குப் பதக்கம் இல்லை.

நோயாளியை நலம் விசாரிப்பது எமது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அந்தக் கடமைக்கு இனமோ, எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதோ தடையாகாது. வலியில் கிடந்தபோதும் மற்றவர்களுக்காகவே கேட்ட மீர் தஸ்த்திடமிருந்து மாணவிகளாகிய நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.