ஒரு குறிப்பேட்டின் அதிகாரம்

இணையத்தை வடிவமைத்தவர்களை உலகம் கொண்டாடுகிறது. அதன் கணக்கைப் பராமரித்தவரை அந்த அளவுக்கு நினைப்பதில்லை. ஜான் போஸ்டல் அத்தகைய கணக்கர். 1943-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 1969-இல் அர்ப்பாநெட் வலையமைப்பின் முதல் கணு லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டபோது அங்கு ஆய்வு மாணவராக இருந்தார்.

கணினிகள் ஒன்றோடொன்று உரையாட வேண்டுமெனில், ஒரே எண்ணை இருவர் வெவ்வேறு பணிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த எண் யாருக்கு என்பதை எழுதி வைக்கும் சலிப்பூட்டும் வேலையை எவரும் விரும்பவில்லை. போஸ்டல் விரும்பி ஏற்றார். 1972 மே மாதம், இதற்கெனத் தனி அதிகாரம் படைத்த ஒருவர் தேவை என எழுதியவர், அது தாமாக இருக்கலாமா என்பதையும் கேள்விக்குறியுடன் சேர்த்துக்கொண்டார். தேர்தலும் இல்லை, நியமன ஆணையும் இல்லை.

இணைய நெறிமுறைகளைப் பதிவு செய்யும் ஆர்எஃப்சி ஆவணங்களின் ஆசிரியராகவும் ஏறத்தாழ 28 ஆண்டுகள் இருந்தார். யாரும் எழுதலாம், எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். தாடியும் காலணி வாருமாகத் திரிந்த அந்த மனிதரின் செல்வாக்கிற்கு இதுவே ஊற்றுக்கண் என்பது என் கருத்து.

1994 மார்ச்சில் அவர் வெளியிட்ட 1591-ஆம் எண் ஆவணத்தைப் பொருளியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். டாட் இன், டாட் எல்கே போன்ற நாட்டுப் பெயர்களை நிர்வகிப்பவர் அறங்காவலரே அன்றி உடைமையாளர் அல்லர் என்கிறது அது. எது நாடு, எது நாடு அல்ல என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் அவர் ஏற்கவில்லை. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் பட்டியலில் இருந்தால் போதும் என்றார். தமக்கு எட்டாத அதிகாரத்தை வேண்டாமென்று சொல்லத் தெரிந்த நிர்வாகிகள் அரிது.

ஆனால், 1995-இல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் டாட் காம் பெயர்களுக்கு ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் விதித்தது. பொதுச்சொத்து ஒரே நாளில் ஏகபோகச் சந்தையாயிற்று. புதிய பெயர்ப் பிரிவுகளைத் திறந்து போட்டியை உருவாக்க போஸ்டல் முனைந்தார். அது நிறைவேறுவதற்குள் அமெரிக்க அரசு குறுக்கிட்டது.

1998 ஜனவரி 28 அன்று, வேர்ச் சேவையகங்களை நடத்திய எட்டுப் பேருக்கு அவர் மின்னஞ்சல் அனுப்பினார். இனி மூலப்பட்டியலை அந்நிறுவனத்தின் கணினியிலிருந்து பெறாமல் தம் கணினியிலிருந்து பெறுமாறு கேட்டார். மறுபேச்சின்றி அவர்கள் இசைந்தனர். பயனர் ஒருவரும் மாற்றத்தை உணரவில்லை. வெள்ளை மாளிகை அதிர்ந்தது. அதிபர் கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் பழைய நிலைக்குத் திரும்பும்படி வலியுறுத்தினார். இது ஒரு சோதனையே என விளக்கமளித்த போஸ்டல், சில நாள்களில் பின்வாங்கினார்.

அவ்விளக்கத்தை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஏகபோகத்தின் மீது அவருக்கிருந்த கோபம் நியாயமானது. ஆயினும், வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு முடிவையும் எண்ணிட்டுப் பொதுவெளியில் வைத்தவர், தம் மிகப் பெரிய முடிவைத் தனி மடலில் எடுத்தார். அவர் நல்லவர் என்பதைத் தவிர அன்று இணையத்துக்கு வேறு பாதுகாப்பு இல்லை. நல்லவரல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால்?

அதற்கு விடையாக 1998 செப்டம்பர் 30 அன்று ஐகேன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பதிவு செய்யப்பட்டது. அதன் வடிவமைப்பில் போஸ்டலின் பங்கு பெரிது. முதல் இயக்குநர்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்ற வினாவுக்கு மட்டும் நிறைவான பதில் கிடைக்கவில்லை. அவர்களின் தொடக்கக் கூட்டங்களும் மூடிய கதவுகளுக்குப் பின்னே நடந்தன. அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் நேர்ந்த சிக்கல்களால், 55 வயதில் போஸ்டல் காலமானார்.

2000-இல் இணையப் பயனர்கள் வாக்களித்து ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவரான கார்ல் ஆயர்பாக், தாம் இயக்குநராக இருந்த அமைப்பின் கணக்கேடுகளைப் பார்ப்பதற்கே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2002-இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, பயனர்கள் வாக்களித்து நிரப்பும் இயக்குநர் இடங்களை ஐகேன் ஒழித்தது.