திருமலை கிருஷ்ணமாச்சாரியார்

திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (நவம்பர் 18, 1888 – பெப்ரவரி 28, 1989) இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற யோகாசன ஆசிரியர் ஆவார். வடமொழியிலும் ஆயுர்வேதத்திலும் புலமை பெற்றவர். தற்கால யோகாவின் தந்தை எனப் பலர் இவரைக் குறிப்பிடுவர். மைசூரில் இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்த இவர், பின்னர் சென்னையில் உடலுக்கேற்ப ஆசனத்தை மாற்றும் முறைக்கு வந்தார். இடுப்பின் நிலைக்கும் தசைக் காயத்துக்கும் உள்ள தொடர்பை அறிய விரும்புவோருக்கு இம்மாற்றம் பயன்தரும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

இளமை

கருநாடகத்தின் சித்ரதுர்க்கா மாவட்டத்தில் முச்சுகுந்தபுரம் என்னும் ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். மைசூரிலும் காசியிலும் கல்வி கற்றார். இமயமலைப் பகுதியில் ராமமோகன பிரம்மச்சாரி என்பவரிடம் ஏழாண்டுகள் யோகம் பயின்றதாக இவர் கூறியுள்ளார். இது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மைசூர்க் காலம்

மன்னர் நான்காம் கிருஷ்ணராச உடையாரின் ஆதரவில் 1933 இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார். 1934 இல் இவரது 'யோக மகரந்தம்' கன்னடத்தில் வெளியானது. மாணவர்கள் பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். பொதுமக்கள் முன் ஆசனங்களைச் செய்துகாட்டுவதும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. இவர் மிகவும் கண்டிப்பானவர்.

இவரது மனைவி நாமகிரியம்மாளின் தம்பியும் மாணவருமான பி. கே. எஸ். ஐயங்கார், பழகியிராத அனுமனாசனத்தைக் குருவின் ஆணைப்படி செய்துகாட்டியபோது தம் தொடைப் பின்தசை கிழிந்ததாகவும், அதனால் நெடுநாள் துன்புற்றதாகவும் பின்னாளில் தெரிவித்துள்ளார்.

இக்காயத்தின் காரணம் உடலமைப்பில் உள்ளது. தொடைப் பின்தசைகள், நாம் அமரும்போது தரையில் படும் இடுப்பெலும்பின் அடிமுனையில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. இடுப்பு வளையம் (கூபகம்) முன்னோக்கிச் சாயும்போது அம்முனை பின்னும் மேலுமாக நகர, தசை இழுபடுகிறது. முன்காலை நீட்டி முழங்காலையும் நிமிர்த்தினால் இழுவிசை இருபுறமும் கூடுகிறது. விரைவோட்ட வீரர் காலை முன்னே வீசும் கணத்திலும் இதுவே நிகழ்கிறது. அப்போது இடுப்பு அளவுக்கு மீறி முன்சாய்வது, தசைக் கிழிவுக்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மாறாக, பின்தசை இறுகியவர் முழங்காலை மடக்காமல் குனிந்தால் இடுப்பு எளிதில் சாயாது. வளைவு முழுவதும் கீழ்முதுகின் மேல் விழும். மரக்காணம் உப்பளத்தில் குனிந்து உப்பு வாருபவருக்கும் பளுதூக்கும் வீரருக்கும் இது பொருந்தும்.

சென்னையில்

அரச ஆதரவு குறைந்து 1950 இல் யோகசாலை மூடப்பட்டது. 1952 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கச் சென்னைக்கு அழைக்கப்பட்டு, இங்கேயே தங்கினார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் கற்பித்தார். இப்போது இவரிடம் வந்தவர்கள் துள்ளும் சிறுவர்கள் அல்லர். நோயாளிகள், முதியோர், அலுவலகம் செல்வோர். ஒவ்வொருவரையும் தனியே ஆய்ந்து அகவை, தொழில், நோய், மூச்சு ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியை வகுத்தார். பொறியாளரான மகன் டி. கே. வி. தேசிகாச்சார் 1960களில் இவரிடம் பயிலத் தொடங்கினார். முன்வளையும் ஆசனங்களில் முழங்காலைச் சற்று மடக்க அனுமதிப்பது தேசிகாச்சார் கற்பித்த முறையில் காணப்படும் ஒரு கூறாகும். மடக்கியவுடன் பின்தசை தளர்கிறது, இடுப்பு தடையின்றிச் சாய்கிறது, முதுகு தப்புகிறது. சிறிய மாற்றமே எனினும், கால் நேராக இருப்பதே ஆசனத்தின் அழகு என எண்ணுவோர் இதை எளிதில் ஏற்பதில்லை.

இடுப்பின் சாய்வு ஆளுக்கு ஆள் வேறுபடும். நலமான உடலிலும் ஓரளவு முன்சாய்வு இயல்பே. எனவே நிற்கும் தோற்றத்தை மட்டும் கொண்டு காயம் ஏற்படும் எனக் கணிக்க இயலாது என்பதே இன்றைய விளையாட்டு மருத்துவரிடையே பரவலான கருத்து. பழகிய அளவு, தசை வலிமை, முந்தைய காயம் ஆகியனவும் கருதப்பட வேண்டும். அரங்கில் ஐயங்காருக்கு ஏற்பட்ட காயத்தில் பழக்கமின்மைக்கும் பங்குண்டு எனலாம்.

இறுதிக் காலம்

1976 இல் தேசிகாச்சார் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96 ஆம் அகவையில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையை மறுத்து, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கெனத் தாமே வகுத்துக்கொண்டார். 1989 பெப்ரவரி 28 அன்று, நூறு அகவை கடந்த நிலையில், சென்னையில் காலமானார்.