தாய் தந்த கல்வி: காயிதே மில்லத் வாழ்விலிருந்து பெற்றோருக்கு ஒரு படிப்பினை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பிள்ளைகளின் பள்ளிப் படிப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஃபீஸ் கட்டிவிட்டேன், டியூஷனும் வைத்துவிட்டேன், இனி பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்கிறார் வளைகுடாவில் இருக்கும் அத்தா. நானே அஞ்சாவதுதான் படித்தேன், எனக்கு என்ன தெரியும் என்கிறார் வீட்டில் இருக்கும் அம்மா. இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் பிள்ளை தனியாக நிற்கிறது. இன்று நாம் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்ப்போம். நம் ஊர் திருச்சியில் படித்தவர் அவர். அவருடைய படிப்பு தொடங்கியது தாயின் மடியில்.

காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார்கள். தந்தை மியாகான் ராவுத்தர். சிறு வயதிலேயே தந்தை வஃபாத்தாகிவிட்டார். தகப்பனில்லாத பிள்ளை, கணவரை இழந்த தாய். பெண்கள் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதே அரிதாக இருந்த காலம். அந்தத் தாய் தம் பிள்ளைக்கு அரபி மொழியையும் ஹதீஸையும் தாமே கற்றுக்கொடுத்தார்.

அன்பானவர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். தம்மிடம் இல்லாததை நினைத்து அந்தத் தாய் ஒதுங்கி நிற்கவில்லை. தமக்குத் தெரிந்ததை எடுத்துக் கொடுத்தார். மற்றப் பாடங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் பாடம் என்பது உட்கார்ந்து, கேட்டு, திருப்பிச் சொல்லி, மனதில் வாங்கிக்கொள்வது என்ற பழக்கம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அந்தப் பிள்ளை 13 வயதில், 1909-ஆம் ஆண்டு, தம் ஊர் இளைஞர்களுக்காக ஒரு முஸ்லிம் சங்கத்தைத் தொடங்கியது.

திருநெல்வேலியில் படித்தபின் அவர்கள் நம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்தார்கள். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில், தெப்பக்குளத்தருகே இருக்கிறதே, நாம் தினமும் கடந்துபோகும் அதே கல்லூரிதான். அதன்பின் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இரண்டுமே கிறிஸ்தவர்கள் நடத்தும் கல்லூரிகள். அங்கே படித்ததால் அவர்களுடைய தீன் குறைந்துபோகவில்லை. வீட்டில் அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கவலைப்படும் பெற்றோர், வீட்டில் என்ன கொடுத்தோம் என்ற கவலையையும் சேர்த்துப் படவேண்டும்.

1920-இல் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை அசைத்தபோது, பட்டப் படிப்பு முடியும் தறுவாயில் அவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். படிப்பை இடையில் விடுவதற்கு இதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நாட்டின் விடுதலைக்காகச் செய்த தியாகம். பட்டத்தைத் துறந்த அவர்கள்தாம் பிற்காலத்தில் நம் சமுதாயப் பிள்ளைகள் பட்டம் பெறுவதற்கு ஊக்கமும் உழைப்பும் தந்தார்கள். சென்னையில் புதுக்கல்லூரியும், இங்கே காஜாமலையில் ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951-இல் எழுந்த காலம் அவர்களுடைய காலம்.

சென்னை சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், மாநிலங்களவை உறுப்பினர், கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மூன்று முறை மக்களவை உறுப்பினர் என்று பொறுப்புகள் வந்தன. நாட்டின் ஆட்சிமொழி பற்றிய விவாதத்தில் தமிழின் தொன்மையை அரசியல் நிர்ணய சபையிலேயே எடுத்து வைத்தார்கள். 1972-இல் வஃபாத்தாகி, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். சென்னையில் அவர்கள் பெயரில் ஓர் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. ஒரு தாயிடம் பாடம் படித்த மகனின் பெயரால் இன்று பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். சுப்ஹானல்லாஹ்!

இது புதிய வழி அல்ல. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் யதீம்தான். ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயிடம் காசு இல்லை. எழுதக் காகிதம் இல்லாமல் எலும்புகளில் எழுதிப் படித்தார்கள். இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களையும் தந்தை இல்லாத நிலையில் தாய்தான் வளர்த்தார். ஹதீஸ் பாடத்துக்கு இருட்டோடு புறப்பட்ட மகனின் ஆடையைப் பிடித்து, பாங்கு சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்த தாய் அவர். பிள்ளை எப்போது எங்கே போகிறது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளை நேற்று எந்தப் பாடத்தில் திணறியது என்று நமக்குத் தெரியுமா?

நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். டிவியும் செல்போனும் ஓய்வெடுக்கட்டும். அஞ்சாவது படித்த அம்மா, பிள்ளையிடம் இன்றைய பாடத்தைத் தமக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். தெரியாதவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்தால் பிள்ளைக்கு அது விளங்கிவிட்டது. தட்டுத் தடுமாறினால் எங்கே விளங்கவில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்கள். வீடியோ காலில் எத்தனை மார்க் என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். இன்று என்ன படித்தாய், எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி பிள்ளை ஆட்டோவில் போகிறது, மாலையில் வருகிறது. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரின் முகம்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். சட்டமே நமக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுப் பள்ளி சரியில்லை என்று வெளியில் நின்று பேசுவது நியாயமா?

நான்காவது, பிள்ளையின் முன்னால் ஆசிரியரைக் குறைவாகப் பேசாதீர்கள். மனக்குறை இருந்தால் ஆசிரியரிடமே நேரில் பேசுங்கள். ஆசிரியர் மீது மதிப்பில்லாத பிள்ளையின் காதில் பாடம் ஏறாது.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். பள்ளிக்கூடம் அந்தப் பொறுப்பில் நமக்குத் துணை நிற்கும், நமக்குப் பதிலாக நிற்காது. மறுமையில் கேள்வி நம்மிடம்தான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! கணவரின்றித் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு உன் உதவியைத் தருவாயாக! பிள்ளைகளுக்கு அறிவு தந்த ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நற்கூலி வழங்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.