கொசுவின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்

மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலக் காற்றுதான் குளிர் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று 19-ம் நூற்றாண்டில் டாக்டர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர் ரொனால்ட் ராஸ்.

1857-ல் அல்மோராவில் பிறந்த ராஸுக்குக் கவிதையிலும் ஓவியத்திலும்தான் ஆசை. ராணுவ அதிகாரியான தந்தையோ அவரை லண்டனில் டாக்டருக்குப் படிக்க வைத்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1883-ல் பெங்களூரில் அவர் தங்கிய பங்களாவில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. ஜன்னலோரம் இருந்த தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது.

1894-ல் லண்டனில் டாக்டர் மான்சன், மலேரியாக் கிருமியை அவருக்குக் காட்டி, கொசுவின்மீது சந்தேகத்தைக் கிளப்பினார். திரும்பிவந்த ராஸ், செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்து மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். 1897-ல் விடுமுறையில் ஊட்டிக்கு வந்தவர், சீகூர் மலைப்பாதையில் தாமே மலேரியாவில் விழுந்தார்.

குளிர்ந்த ஊட்டியை விட்டுக் கீழே இறங்கினால் காய்ச்சல் பிடிப்பானேன்? கொசுவின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியே எவ்வளவு சூடோ, அதன் உடலிலும் அவ்வளவே. குளிரில் அதன் வயிற்றிலுள்ள கிருமி வளராது.

நோயாளி உசேன் கானைக் கொசு கடிக்க, கடிக்கு ஓர் அணா கொடுத்தார் ராஸ். 1897 ஆகஸ்ட் 20 அன்று, அப்படி ரத்தம் குடித்த அனாபிலஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்வதைக் கண்டார்.

வயிற்றில் இருக்கும் கிருமி மனிதனுக்கு வருவது எப்படி? 1898-ல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து விடை கண்டார். கொசுவுக்கு நம்மைப்போல் ரத்தக்குழாய் வலை இல்லை. உடலுக்குள் திரவம் தாராளமாக ஓடுகிறது. வயிற்றுச் சுவரிலிருந்து வெடித்து வெளிவரும் கிருமிகள் அதில் மிதந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. முட்டைக்குப் புரதம் தேடி ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. ரத்தம் உறையாதிருக்க அது முதலில் உமிழ்நீரைச் செலுத்தும். கிருமியும் கூடவே இறங்கிவிடும். மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ்தான் என்பதை அதே ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினார்கள்.

1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932-ல் லண்டனில் காலமானார். அவர் கண்டதன் பயன் ஏழைக்கும் எட்டக்கூடியது. முட்டை, கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மழை குறைந்த எருத்தேன்பதிப் பக்கத்தில் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள், வாரம் ஒருமுறை அதைக் காலிசெய்து தேய்த்துக் காயவைத்தால் போதும். கொசு பிறக்கவே வழியில்லை.