காடுகளைக் கணக்கெடுத்த லூசி அம்மையார்

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1889ஆம் ஆண்டு பிறந்த லூசி பிறவுண், 1914இல் தாவரவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். மணமுடிக்கவில்லை. அந்துப்பூச்சி ஆராய்ச்சியாளரான தமக்கை அனெற்றுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தார். இருவருமாக மோட்டார் வண்டியிலும் கால்நடையாகவும் மலைக்காடுகளெங்கும் அலைந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளில் 65,000 மைல்!

அவசரத்துக்குக் காரணமிருந்தது. ஒருபுறம் மரவெட்டிகளின் கோடரி. மறுபுறம், 1904இல் நியூயோர்க்கில் முதலிற் காணப்பட்ட பூஞ்சண நோயினால் செஸ்நட் மரங்கள் கோடிக்கணக்கிற் பட்டுக்கொண்டிருந்தன. எஞ்சிய முதுகாடுகளில் எந்த மரம் எத்தனையென எண்ணிக் குறித்தார் லூசி. அதற்காகவே 1948இல் பேராசிரியர் பதவியையும் முன்கூட்டியே துறந்தார்.

கிழக்கு வட அமெரிக்க இலையுதிர் காடுகள் பற்றிய அவரது பெருநூல் 1950இல் வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்கச் சூழலியற் சங்கத்தின் முதற் பெண் தலைவருமானார். ஆனால் நூலில் எழுதப்பட்ட காடுகள் பல அதற்குள் வெட்டுண்டு போயின. அவரது விடாமுயற்சியால் ஒகாயோ மாநிலத்தின் அரிய புல்வெளியொன்று 1959இல் விலைக்கு வாங்கிக் காக்கப்பட்டது. 1971இல், 81ஆவது வயதிற் காலமானார்.